7 வருடம் அப்டேட் என்கிறார்களே, எந்த நாளிலிருந்து 7 வருடம்?

அச்சுக்கடை முத்து

வணக்கம். விருதுநகர் பக்கம் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் இரண்டு தலைவலி.

முதலாவது, அம்மாவின் போனில் பேங்க் ஆப் திறக்கவில்லை. இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. போன் வாங்கி இரண்டரை வருடம்தான் ஆகிறது, பில் கையில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டும் இல்லை, சீல் உடைக்காத பெட்டி. பழைய மாடல் என்று விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 'உங்கள் போன் அப்டேட் ஆக இருக்கிறது' என்று பெருமையாகச் சொல்கிறது. கீழே பார்த்தால் கடைசி செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்) 2021. நான் வாங்கும்போதே அதன் கதை முடிந்திருக்கிறது.

இரண்டாவது, கடையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்கள். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 2017இல் அசெம்பிள் செய்தது. மூன்றும் விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை அதில்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. 2025 அக்டோபர் 14உடன் அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. 11க்குப் போக இந்த பிராசஸர் தகுதி இல்லையாம்.

ஒரு பொருளுக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? இப்போது விளம்பரத்தில் '7 வருடம்' என்று போடுகிறார்களே, அது பில் தேதியிலிருந்தா?

சாலிடர் சேகர்

பில் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை அண்ணே. மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாள்தான் கணக்கு. கூகுள் தன் பிக்சல் போன்களுக்கான பக்கத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது: அமெரிக்காவில் கூகுள் ஸ்டோரில் முதலில் கிடைத்த நாளிலிருந்து. பிக்சல் 8 வந்தது 2023 அக்டோபர், ஆகவே 2030 அக்டோபர் வரை. அதை 2026 தீபாவளி ஆஃபரில் வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது 4 வருடம். சாம்சங் எஸ்24 வந்தது 2024 ஜனவரி, அங்கேயும் இதே 7 வருடக் கணக்குதான்.

ஆஃபரில் தள்ளிவிடுவது பெரும்பாலும் பழைய மாடலைத்தான். விலையில் 30 சதவீதம் குறைத்தான் என்று சந்தோஷப்படுகிறோம், ஆயுளிலும் அதே அளவு குறைந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. என் டேபிளுக்கு வரும் போன்களில் பாதிக்கு டிஸ்ப்ளே, போர்டு எல்லாம் நன்றாக இருக்கிறது. 'ஆப் ஓடவில்லை, சாப்ட்வேர் போட்டுக் கொடுங்கள்' என்றுதான் கொண்டுவருகிறார்கள். கம்பெனியே வெளியிடாத சாப்ட்வேரை நான் எங்கிருந்து போடுவது?

பிடிவாதக் கோழி

எல்லாம் திட்டமிட்ட கொள்ளை. போன் நன்றாக ஓடினால் புது போன் விற்குமா? ஆப்பிள் வேண்டுமென்றே பழைய ஐபோனை மெதுவாக்கியது நினைவில்லையா? அபராதமே கட்டினார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கெர்னல் காத்தான்

கோழி, பாதி சரி. பேட்டரி பழசானால் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் போன் பட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அப்டேட்டில் வேகத்தைக் குறைத்தார்கள். பொறியியல் ரீதியாக அது தவறான முடிவு இல்லை. தவறு, வாங்கியவனிடம் சொல்லாமல் செய்தது. 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29க்கு இறக்கினார்கள். அந்த 29 டாலரில் போன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும் என்பது தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கியிருப்பார்கள்! பிரான்சில் 2020இல் விதித்த 2.5 கோடி யூரோ அபராதமும் அந்தத் தகவலை மறைத்ததற்குத்தான்.

ஆண்ட்ராய்டு கதை வேறு. அங்கே கையை விரிக்கும் முதல் ஆள் பெரும்பாலும் போன் கம்பெனி இல்லை, சிப் கம்பெனி. புது ஆண்ட்ராய்டு வரும்போது கேமரா, மோடம், கிராபிக்ஸ் எல்லாவற்றுக்கும் அந்தச் சிப்புக்கான டிரைவர்களை (அவற்றை இயக்கும் சிறு மென்பொருள்களை) புதுப்பித்துத் தர வேண்டும். அதன் மூல நிரல் சிப் செய்தவனிடம்தான் இருக்கிறது. அவன் 'இந்தச் சிப்பை விட்டுவிட்டோம்' என்று சொல்லிவிட்டால் போன் கம்பெனிக்கு மனசு இருந்தாலும் வழி கிடையாது.

இதற்கு நல்ல உதாரணம் நெதர்லாந்தின் ஃபேர்போன். நீண்ட நாள் உழைக்கும் போன் செய்வதுதான் அவர்கள் வியாபாரமே. ஃபேர்போன் 2, 2015 கடைசியில் ஆண்ட்ராய்டு 5உடன் வந்தது. உள்ளே ஸ்னாப்டிராகன் 801 சிப். அதைச் செய்யும் குவால்காம் ஆண்ட்ராய்டு 6உடன் அந்தச் சிப்பைக் கைவிட்டது. மிச்சத்தை ஃபேர்போன்காரர்களே, வெளியில் இருந்த ஆர்வலர்களின் உதவியோடு, தோண்டித் துருவி ஆண்ட்ராய்டு 10 வரை இழுத்துவந்தார்கள். 2023 மார்ச்சில்தான் நிறுத்தினார்கள். சின்ன கம்பெனி 7 வருடம் மல்லுக்கட்டியது. அதே காலத்தில் பெரிய பெரிய பெயர்கள் இரண்டு வருடத்தோடு கையைக் கழுவின.

அந்த அனுபவத்தில் ஃபேர்போன் 5க்கு அவர்கள் போன் சிப்பையே எடுக்கவில்லை. தொழிற்சாலை இயந்திரங்களுக்காக குவால்காம் விற்கும் சிப்பை வைத்தார்கள். அந்த வகைக்கு நீண்ட கால அப்டேட் ஒப்பந்தம் உண்டு. கேமராவும் வேகமும் கொஞ்சம் சுமார்தான், ஆனால் 2031 வரை அப்டேட் என்று எழுதியே கொடுக்கிறார்கள்.

பிடிவாதக் கோழி

சிப் கம்பெனி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறீர்கள். நேற்று வரை முடியாது என்றவர்கள் இன்று எப்படி 7 வருடம் என்கிறார்கள்?

கெர்னல் காத்தான்

நியாயமான கேள்வி. 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் 'டிரெபிள்' என்ற மாற்றம் வந்தது. ஆண்ட்ராய்டையும் சிப் சார்ந்த பகுதியையும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். மேலே உள்ளதை மாற்ற ஒவ்வொரு முறையும் கீழே தொட வேண்டியதில்லை. பிக்சலில் கூகுள் சொந்தச் சிப் போடத் தொடங்கியது இன்னொரு காரணம். இப்போது குவால்காமும் ஸ்னாப்டிராகன் 8 எலைட்டுக்கு 8 வருடம் வரை தர வழி செய்திருக்கிறது. அப்புறம், புது போனில் சொல்லிக்கொள்ள புதிதாக எதுவும் இல்லாதபோது ஆயுளையே விளம்பரமாக்க வேண்டியதுதானே. இது என் சந்தேகம் மட்டும்.

யாழ்ப்பனை

எங்கட பக்கம் லண்டன், கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டுவாற போன்தான் அதிகம். அண்ணை போன முறை வரேக்க ஐபோன் எக்ஸ்ஆர் ஒன்று தந்தவர். 26ஆவது பதிப்பு அதுக்கு இல்லையாம். ஐபோன் எண்டால் காலத்துக்கும் வரும் எண்டு நினைச்சன். ஆப்பிள் எத்தனை வருசம் எண்டு எங்கேயாவது எழுதி வச்சிருக்கோ?

சாலிடர் சேகர்

யாழ்ப்பனை, நீங்கள் சொன்ன எக்ஸ்ஆரை வைத்தே முத்து அண்ணனின் கேள்விக்கு முழுப் பதில் சொல்லலாம்.

எக்ஸ்ஆர் வந்தது 2018 அக்டோபர். நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே பூட்டிய மாடல். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் அதற்கு 12இல் தொடங்கி 18 வரை வந்தது. 18க்கு அடுத்ததாக, எண்ணில் நேராகத் தாவி, 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 அதற்குக் கிடையாது. முதல் நாள் வாங்கியவருக்கு ஏறக்குறைய 7 வருடம் புதுப் பதிப்பு கிடைத்தது, பிரமாதம். ஆனால் ஆப்பிள் அந்த மாடலை 2021 செப்டம்பர் வரை தன் கடையில் விற்றது. கடைசி மாதம் வாங்கியவருக்குக் கிடைத்தது 4 வருடம். அதே போன், அதே கடை.

பயப்பட வேண்டாம், 18க்கான பாதுகாப்பு பேட்ச்கள் தனியாக வருகின்றன. ஐபோன் 5எஸ் 2013இல் வந்தது. அதற்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பேட்ச் வந்தது. வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், ரிப்பேர் விஷயத்தில் ஆப்பிளின் கணக்கே வேறு. விற்பதை நிறுத்திய நாளிலிருந்து 5 வருடம் ஆனால் 'விண்டேஜ்', 7 வருடம் ஆனால் வழக்கொழிந்தது. அதற்கு மேல் ஸ்பேர் கிடைக்காது. ஒரே கம்பெனிக்குள் ஸ்பேருக்குக் கடைசி நாள் கணக்கு, சாப்ட்வேருக்கு முதல் நாள் கணக்கு.

வக்கீல் வண்டு

யாழ்ப்பனையின் 'எழுதி வச்சிருக்கோ' கேள்விக்கு: பிரிட்டனில் எழுதித்தான் ஆக வேண்டும். இணையத்தோடு இணையும் நுகர்வோர் பொருள் எதை விற்றாலும் (சில விதிவிலக்கு போக) குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று அறிவிக்க வேண்டும் என அங்கே ஒரு சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால்தான் அதுவரை வாயே திறக்காத ஆப்பிள், ஐபோன் 15 ப்ரோ மேக்ஸுக்கு 'முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம்' என்று எழுதிக் கொடுத்தது. நடைமுறையில் கொடுப்பது அதைவிட அதிகம், எழுத்தில் கொடுப்பது குறைவு. சாமர்த்தியம். அடுத்த முறை அண்ணை வாங்கும்போது அந்த அறிக்கையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

முத்துவின் மூலக் கேள்வியை நேராகத் தொட்டது ஐரோப்பிய ஒன்றியம். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் ஒரு விதி: அந்த மாடலின் கடைசி யூனிட்டைச் சந்தைக்கு அனுப்பிய நாளிலிருந்து 5 வருடம். முதல் நாள் இல்லை, கடைசி நாள். உதிரிபாகங்கள் அதே நாளிலிருந்து 7 வருடம் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். இந்த விதி நம் ஊரில் இருந்திருந்தால் முத்துவின் அம்மா இன்றைக்கும் அந்தப் போனிலேயே பேங்க் பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு பொடி எழுத்து இருக்கிறது. விதியின் வாசகம் 'அப்டேட் கொடுத்தால்' அதை இலவசமாக 5 வருடத்துக்கு எல்லா யூனிட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று போகிறது. அந்த 'கொடுத்தால்' என்ற சொல்லுக்குள் ஒரு லாரியே நுழையலாம். கொடுக்கவே இல்லை என்றால்?

பிடிவாதக் கோழி

அப்பாடா, என் கட்சிக்கு ஒரு வக்கீல் கிடைத்தார்.

வக்கீல் வண்டு

ஃபீஸ் தனி.

இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு அரசு போர்ட்டல் திறந்தார்கள். சர்வீஸ் சென்டர், வாரண்டி விவரமெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான்.

புதினா

எல்லோரும் போனிலேயே நிற்கிறீர்கள். முத்து சார் கடைக்கு வருவோம்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை. 10 வருடத்துக்கு மேல் அப்டேட் கொடுத்திருக்கிறார்கள், அது பெரிய குறை இல்லை. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி 2001இலிருந்து 2014 ஏப்ரல் வரை ஓடியது. பிரச்சினை, அடுத்த வண்டியில் ஏற விடாததுதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் ஒருசில விதிவிலக்கு போக எட்டாம் தலைமுறை. உங்கள் போர்டின் பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்கில்) டிபிஎம் இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் ஆறாம் தலைமுறை பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும். ஆனால் இப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. பத்திரிகை டெலிவரிக்கு முந்தின நாள் அது மக்கர் பண்ணினால் கதை கந்தல்.

10லேயே இருந்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். 30 டாலர். செட்டிங்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சிங்க் செய்தால் இலவசம். ஐரோப்பாவில் அந்த நிபந்தனையும் தளர்ந்தது. கம்பெனிகளுக்கு வேறு ரேட்: முதல் வருடம் கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 வருடம். கந்துவட்டிக்காரன் தோற்றான்.

என் ஓட்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு (பெயரைப் பார்த்தாலே தெரியும்). மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய அரசு லேப்டாப்பில் எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டு மின்ட் ஏற்றினேன். இன்றும் அவள் பையன் அதில்தான் படிக்கிறான்.

அச்சுக்கடை முத்து

புதினா, லினக்ஸ் எனக்கு ஆசைதான். ஆனால் என் வயிற்றுப்பாடு பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. சிரிக்காதீர்கள். 2001இல் வந்தது, அடோபி எப்போதோ கைகழுவிவிட்டது. ஊருக்குள் பாதி அச்சகம் இன்னும் அதில்தான். இருபது வருடப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் பாமினியிலும் பழைய வானவில் எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. 'போன தடவை பெரியவனுக்கு அடித்த மாதிரியே சின்னவனுக்கும்' என்று வந்து நிற்பார்கள்.

கெர்னல் காத்தான்

சிரிக்கவில்லை. உங்கள் பேஜ்மேக்கர் 25 வருடமாக ஓடக் காரணம், அது எந்த சர்வரையும் கேட்பதில்லை. அப்டேட் நின்ற பிறகும் பிழைத்திருக்கும் பொருளுக்கெல்லாம் இந்த ஒரு குணம்தான் பொது.

நெட்டை நம்பிய பொருள் அப்படி இல்லை. அம்மாவின் போனில் நடந்ததைப் பாருங்கள். போன் கம்பெனி 2021இலேயே விட்டது, அப்போது யாருக்கும் தெரியவில்லை. பேங்க் ஆப் விட்ட அன்றுதான் தெரிந்தது. இப்படி விட்டுப்போகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாட்ஸ்ஆப் 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4ஐ விட்டது. மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே இருந்த ஐபோன்களை விட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய ரூட் சர்டிபிகேட் (தளம் நம்பகமானதா என்று கருவி சரிபார்க்க உதவும் சான்று) காலாவதியானதில், இணையத்தின் பாதுகாப்புச் சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றது. அன்று பழைய மேக், பழைய ஐபோன் வைத்திருந்த பலருக்கு சில தளங்கள் திடீரென்று திறக்கவில்லை. கருவியில் ஒன்றும் உடையவில்லை.

நியூஜெர்சி நாராயணி

காத்தான் சொன்ன சர்வர் விஷயத்தில் இங்கே நடந்தவை இரண்டு. ரிவால்வ் என்று ஒரு வீட்டு ஆட்டோமேஷன் பெட்டி, 300 டாலர். அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கியது, நெஸ்ட் கூகுளுடையது. 2016 மே மாதம் சர்வரை அணைத்தார்கள். பெட்டி செங்கல்லாகிவிட்டது. செங்கல்லைக்கூடச் சுவருக்கு வைக்கலாம்.

அடுத்தது 2025 அக்டோபர் 25. முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்களுக்கு (வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) போன் வழியாக இயக்கும் வசதியை கூகுள் நிறுத்தியது. நல்லவேளை, சுவரில் போய்த் திருகினால் இப்போதும் வேலை செய்யும். முதல் தலைமுறை 2011இல் வந்தது, அதற்கு 14 வருடம் என்பது கெட்ட கணக்கு இல்லைதான். ஆனால் நெட் இல்லாத சாதாரண தெர்மோஸ்டாட்டை யாரும் ஆயுள் பார்த்து வாங்குவதில்லையே! வீட்டோடு வரும், வீட்டோடு இருக்கும்.

ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் விவகாரம் இன்னும் கொடுமை. பழைய ஸ்பீக்கரைத் திருப்பினால் தள்ளுபடி, ஆனால் அதற்கு முன் ஒரு பட்டனை அமுக்கி அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வேண்டும். 'ரீசைக்கிள் மோட்' என்று பெயர். பாடும் ஸ்பீக்கரின் கழுத்தைத் திருகச் சொன்னார்கள். ஊரே திட்டியதும் 2020இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள்.

பிடிவாதக் கோழி

முத்து அண்ணே, நான் சொல்வதைக் கேளுங்கள். ஒன்றும் செய்யாதீர்கள். அப்டேட் இல்லாமல் எக்ஸ்பியை நான் ஐந்து வருடம் ஓட்டினேன். ஒரு வைரஸ் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. விண்டோஸ் 10க்கு அப்டேட் செய்ய முடியாது என்பது பொய். ஏடிஎம், ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு விற்கும் 2021 ஐஓடி எல்டிஎஸ்சி பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பேட்ச் உண்டு. எழுதத்தான் போகிறார்கள், நமக்குத்தான் தர மாட்டார்கள்.

கெர்னல் காத்தான்

இரண்டாவது பாயிண்டில் முழு சம்மதம். கோழி இன்று முதன்முறையாகச் சரியாகக் கூவியிருக்கிறது.

முதல் பாயிண்ட் ஆபத்து. 2017 மே, வானாக்ரை: கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. செத்துப்போன எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட்டது. ஆனால் அதில் அடிவாங்கியதில் பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அதற்குப் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே அப்டேட்டுக்காகச் சண்டை போடும் நாம், வந்த அப்டேட்டை 'நாளைக்கு' என்று தள்ளிவைக்கும் ஆட்களும்தான். என்னையும் சேர்த்து.

முத்து, இப்படிச் செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரை பேஜ்மேக்கருக்கென்றே ஒதுக்கி நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அதில் விண்டோஸ் 10 எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் வாடிக்கையாளரின் பென்டிரைவை அதில் நேராகச் செருகக் கூடாது. முதலில் மின்ட் போட்ட கம்ப்யூட்டரில் செருகி, தேவையான ஃபைலை மட்டும் எடுத்து, உங்கள் சொந்தப் பென்டிரைவில் மாற்றுங்கள். மூன்றாவதற்கு அந்தக் கூடுதல் அப்டேட்டைப் போட்டு ஆன்லைன் விண்ணப்ப வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மட்டுறுத்துநர்

கோழி, காத்தான் இருவரும் தனிமடலில் பேசிக்கொண்டவற்றை இங்கே ஒட்ட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

அச்சுக்கடை முத்து

பத்து நாள் கழித்து வருகிறேன், முகூர்த்த சீசன்.

காத்தான் சொன்ன மாதிரியே பிரித்துவிட்டேன். மின்ட்டில் பிரிண்டர் தானாகவே ஏறிக்கொண்டது, ஸ்கேனருக்குத்தான் ஒரு ஞாயிறு போனது. புதினாவுக்கு நன்றி. பையன் சாயங்காலத்தில் உட்கார்ந்து பழைய பாமினி ஃபைல்களை ஒவ்வொன்றாக, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுகிறான். 'ஸ்ரீ' வரும் இடமெல்லாம் கோளாறு. நம் தொழிலில் அது எல்லாப் பத்திரிகையிலும் வரும்!

அம்மாவுக்குப் போன் வாங்கப் போனேன். கடைப் பையனிடம் இந்த மாடல் எந்த மாதம் வந்தது, எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் என்று கேட்டேன். 'ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார்' என்றான். வாரண்டி இல்லை தம்பி, அப்டேட் என்றேன். 'அது தானா வந்துக்கிட்டே இருக்கும் சார்.' மேனேஜர் வந்து டெம்பர்ட் கிளாஸ் இலவசம் என்றார். கடைசியில் கடை வாசலில் நின்று நானே தேடி, வந்து நாலே மாதமான, 6 வருடம் என்று போட்டிருந்த மாடலை வாங்கினேன். ஆஃபர் மாடலைவிட 2,000 ரூபாய் கூடுதல்.

சாலிடர் சேகர்

வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், இதுதான் மலிவு. பழைய போன் என்ன ஆச்சு? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்களா?

அச்சுக்கடை முத்து

இல்லை. 400 ரூபாய் தருவதாகச் சொன்னான். கடையில் சிம் இல்லாமல் பாட்டு கேட்க வைத்திருக்கிறேன்.

சாலிடர் சேகர்

நல்லது. அம்மாவின் கூகுள் கணக்கையும் அந்தப் பேங்க் ஆப்பையும் அதிலிருந்து எடுத்தீர்களா?

அச்சுக்கடை முத்து

இதோ எடுக்கிறேன்.